பருவக் கட்டுரையும் பழுப்பு நிலக்கரியும்

ஒவ்வொரு பருவத்தின் இறுதியிலும் எம் மேசைமீது நாற்பது ஐம்பது கட்டுரைகள் வந்து குவிகின்றன. மாணவர் அவற்றை ‘அசைன்மெண்ட்’ என்பர். யாம் பருவக் கட்டுரை என்றே வழங்கி வருகிறோம். மேலட்டையில் பூ வரைந்திருக்கும். தலைப்பு மூன்று வண்ண மையால் எழுதப்பட்டிருக்கும். உள்ளே புகுந்து வாசித்தால் பத்துக் கட்டுரைகள் ஒருவரே எழுதியவை போலத் தோன்றும். உண்மையும் பெரும்பாலும் அதுவே. அந்த ஒருவர் நம் வகுப்பில் இருப்பதில்லை என்பதே வேறுபாடு.

துறை மலருக்குக் கட்டுரை ஒன்று தருக எனப் பணிக்கப்பட்டபோது, இலக்கியப் பொருள் எதனையும் தொடாமல், இக்கட்டுரைகளைப் பற்றியே எழுதலாம் என்று துணிந்தோம். மாணவர்க்கு இது பயன்படும். இம்மலரைப் படிக்கும் பெரியோர்க்கும், தம் பிள்ளைகள் இரவு வெகுநேரம் விழித்து எழுதுவது யாது, எழுதத்தக்கது யாது என்று அறிய வாய்ப்பாக அமையும். எடுத்துக்காட்டுகளை யாம் வளர்ந்த நெய்வேலி நகரியத்திலிருந்தே எடுத்துக்கொள்கிறோம். அங்கிருந்தும் மந்தாரக்குப்பத்திலிருந்தும் அதிகாலைப் பேருந்தேறி நம் கல்லூரிக்கு வருவோர் பலர் உளர் என்பது ஒரு காரணம். மற்றொரு காரணம் போகப் போக விளங்கும்.

தலைப்பு என்னும் முதல் இடறல்

சில ஆண்டுகளுக்கு முன், ‘நெய்வேலி - ஓர் ஆய்வு’ என்னும் தலைப்பில் ஒரு மாணவர் பன்னிரண்டு பக்கம் எழுதி வந்தார். தென்னார்க்காடு மாவட்டத்தில் நெய்வேலி அமைந்துள்ளது என்று கட்டுரை தொடங்கியது. தென்னார்க்காடு மாவட்டம் 1993ஆம் ஆண்டிலேயே கடலூர், விழுப்புரம் என இரண்டாகப் பிரிந்துவிட்டது. அம்மாணவர் அதற்குப் பின் பிறந்தவர். முதல் அனல்மின் நிலையம் 600 மெகாவாட் மின்சாரம் தந்துகொண்டிருப்பதாக ஐந்தாம் பக்கம் கூறியது. அந்நிலையம் 2020ஆம் ஆண்டிலேயே மூடப்பட்டது. அவருடைய தந்தையார் அந்நிலையத்திலேயே பணிபுரிந்தவர்! வீட்டுத் திண்ணையில் இருந்த சான்றை விட்டுவிட்டு, எப்போதோ யாரோ எழுதிய பழைய கையேட்டை மாணவர் நம்பினார். பார்த்து எழுதுவதில் உள்ள கேடு இதுதான்: செத்துப்போன செய்தியையும் நிகழ்காலத்திலேயே எழுத வைத்துவிடும்.

ஆயினும் அம்மாணவரை மட்டும் குறை கூறுதல் முறையன்று. ‘நெய்வேலி - ஓர் ஆய்வு’ என்பது ஒரு பருவத்தில் எவராலும் எழுதி முடிக்கத்தக்க தலைப்பே அன்று. ‘சங்க இலக்கியத்தில் வாழ்வியல்’, ‘பாரதியும் பெண்மையும்’ முதலியனவும் அத்தகையவையே. இத்தகைய தலைப்பைக் கையிலெடுத்தவர் பிறர் நூலிலிருந்து அள்ளிக் கொட்டுவதைத் தவிர வேறு வழியறியார். ஆகவே தலைப்பை வினாவாக மாற்றுங்கள் என்பது எம் முதல் வேண்டுகோள். அவ்வினா சிறிதாக இருத்தல் வேண்டும். விடை முன்கூட்டித் தெரியாததாகவும், தேடினால் கிடைக்கக்கூடியதாகவும் இருத்தல் வேண்டும்.

நகரியத்தின் தெருப்பலகைகளில் ‘வட்டம்’ என்று எழுதியிருக்கும். மக்கள் வாயில் ‘பிளாக்’ என்றே வழங்கும். பலகையில் ஒரு சொல்லும் வாயில் ஒரு சொல்லுமாக எத்தனை இடங்களில் உள்ளன? எச்சொல்லை எவர், எங்கே, யாரிடம் பேசும்போது பயன்படுத்துகின்றனர்? மருத்துவமனையில் ஒன்றும் கடைத்தெருவில் ஒன்றுமாக மாறுகிறதா? ஒரு குறிப்பேடும் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளும் போதும். தமிழ்த்துறைக்குரிய அருமையான கட்டுரை பிறக்கும். எவரும் பார்த்தெழுத இயலாத கட்டுரை என்பது அதன் தனிச்சிறப்பு, ஏனெனில் அதனை இதற்குமுன் எழுதிவைத்தார் இலர்.

‘தொடங்கியது’ என்றால் என்ன?

வினா சிறிதானாலும் அதிலுள்ள சொற்களுக்குப் பொருள் வரையறுத்தல் வேண்டும். ‘நெய்வேலிச் சுரங்கம் எப்போது தொடங்கியது?’ என்று ஒரு வகுப்பில் கேட்டோம். ஐந்து பேர் ஐந்து ஆண்டுகளைக் கூறினர். வியப்பு என்னவெனில் ஐந்துமே பிழையன்று. 1930களின் நடுவில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது கரிய பொருள் வெளிப்பட்டது. 1956 நவம்பர் 14ஆம் நாள் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி நிறுவனம் பதிவு பெற்றது. 1957 மே 20ஆம் நாள் பிரதமர் நேரு சுரங்க வெட்டுப் பணியைத் தொடங்கி வைத்தார். 1961 ஆகத்து மாதம் நிலக்கரி கண்ணுக்குத் தெரிந்தது. 1962ஆம் ஆண்டு, சோவியத் நாட்டின் துணையோடு நிறுவப்பட்ட அனல்மின் நிலையத்தில் முதல் மின்சாரம் பிறந்தது. இவற்றுள் எது தொடக்கம்? நிறுவன வரலாறு எழுதுவோர்க்கு 1956; பொறியியலார்க்கு 1957; விளக்கெரிந்த வீட்டார்க்கு 1962. நிலத்தை இழந்த உழவர் குடும்பத்தார்க்கோ, நில எடுப்பு அறிவிக்கை கையில் வந்த நாளே தொடக்கம். எந்தப் பொருளில் அச்சொல்லை ஆள்கிறோம் என்பதை முதல் பக்கத்தில் ஒரு வரி எழுதிவிட்டால் போதும். பாதிக் குழப்பம் அகலும்.

கிணறு வெட்டிய ஆண்டினைச் சிலர் 1934 என்றும் சிலர் 1935 என்றும் எழுதுகின்றனர். மாணவர் முதலில் கையில் கிடைத்த எண்ணை எழுதிவிட்டு மேலே சென்றுவிடுகிறார். இரு எண்கள் காணும் இடத்தில் நிற்பவரே ஆய்வாளர். எவர் எதனை எழுதினார், எந்த ஆண்டில் எழுதினார், அவர்க்கு அச்செய்தி யார் வழி வந்தது என்று கேட்க வேண்டிய இடம் அது.

எம் வாய்மொழித் தேர்வு

மூலநூலைப் பார்க்க வேண்டும் என்று வகுப்பில் யாம் ஓயாமல் கூறுவது மாணவர்க்குச் சலிப்பூட்டும் என்பதை அறிவோம். அவ்வாறு கூறுவதற்குப் பின்னே எம் நாணம் ஒன்று உள்ளது. இதுகாறும் எழுத்தில் வைத்ததில்லை.

இருபது ஆண்டுகளுக்கு முன் எம்.பில். பட்டத்திற்கு ஆய்வேடு எழுதினோம். இசுலாமியத் தமிழ் இலக்கியம் பற்றியது. அதில், வள்ளல் சீதக்காதியின் ஆதரவில் உமறுப்புலவர் சீறாப்புராணத்தை இயற்றினார் என்றும், அந்நன்றியை நூலில் போற்றியுள்ளார் என்றும் ஒரு பத்தி எழுதியிருந்தோம். இரண்டு இலக்கிய வரலாற்று நூல்களை ஒட்டி யாமே கோத்த பத்தி அது. நடை நன்றாக வந்திருந்தது என்ற பெருமிதமும் இருந்தது.

வாய்மொழித் தேர்வுக்கு வந்த முதிய பேராசிரியர் அப்பக்கத்தை விரித்து வைத்துக்கொண்டு, மிக மென்மையாக, “தம்பி, எந்தப் படலத்தில் சீதக்காதி பெயர் வருகிறது?” என்று வினவினார்.

யாம் விடை கூறவில்லை. கூற இயலவில்லை. மூன்று காண்டம், தொண்ணூற்றிரண்டு படலம், 5027 பாடல் என்று எண்ணிக்கையை மட்டும் ஒப்பித்தோம். அவர் சிரித்தார். “எண்ணிக்கை சரி. நூலைத் திறந்து பாருங்கள். அங்கே போற்றப்படுபவர் அபுல் காசிம் மரைக்காயர். உங்கள் உம்மா ஊர்க்காரர்தாம்” என்றார்.

எம் தாயார் பரங்கிப்பேட்டையில் பிறந்தவர் என்பதை ஆய்வேட்டின் நன்றியுரையில் எழுதியிருந்தோம், அதைப் படித்திருக்கிறார். சீதக்காதி நூல் முற்றுப்பெறுமுன் மறைந்தார் என்பதும், பின்னர்ப் பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயர் புலவரைப் புரந்தார் என்பதும் வழிவழி வரும் செய்தி. நூலுள் பல இடங்களில் அவரைப் புலவர் நன்றியோடு நினைக்கிறார். நெய்வேலியிலிருந்து அரை நாளில் சென்று திரும்பக்கூடிய ஊர் பரங்கிப்பேட்டை. ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் யாம் விளையாடித் திரிந்த கடற்கரை ஊர். அவ்வூர் வள்ளலின் பெயர் மூலநூலில் கிடக்க, யாம் வேறு எவரோ எழுதியதைப் பார்த்து எழுதினோம். பட்டம் கிடைத்தது. அன்று மாலை வாப்பாவிடம் “நல்லபடி முடிந்தது” என்று மட்டும் கூறினோம்.

அதன்பின் ஓராண்டு செலவிட்டுச் சீறாப்புராணத்தை முதல் பாடல் தொடங்கி இறுதி வரை வாசித்தோம். எந்தப் பதிப்பு என்பதையும் கவனிக்கக் கற்றோம். ஓலைச்சுவடியில் இருந்த அந்நூலைச் செய்கு அப்துல் காதிறு நயினார் லெப்பை ஆலிம் புலவர் 1842ஆம் ஆண்டு அச்சேற்றினார். அதன்பின் பதிப்புகள் பல வந்தன. ‘சீறாப்புராணம் கூறுகிறது’ என்று எழுதுவது போதாது. எப்பதிப்பு, எப்படலம், எத்தனையாவது பாடல் என்று குறித்தால்தான், ஐயுறுவோர் தாமே திறந்து பார்க்க முடியும். அடிக்குறிப்பு என்பது அலங்காரம் அன்று. ‘நான் இங்கே நின்று பார்த்தேன், நீங்களும் வந்து பாருங்கள்’ என்று வாசகரை அழைக்கும் வழி அது.

மாணவர் எழுதும் கட்டுரை யார் கண்ணில் படப் போகிறது என்று எண்ணுவோர்க்கு ஒன்று கூற வேண்டும். இலங்கையைச் சேர்ந்த ம. மு. உவைசு முதுகலைப் பட்டத்திற்காகத் தமிழ் இலக்கியத்திற்கு முசுலிம்கள் ஆற்றிய தொண்டு பற்றி ஆய்வேடு எழுதினார். 1953ஆம் ஆண்டு அது ஆங்கில நூலாக வெளிவந்தது. பிற்காலத்தில் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இசுலாமியத் தமிழ் இலக்கியப் பேராசிரியராக அமர்ந்து, பீ. மு. அஜ்மல்கானுடன் இணைந்து இசுலாமியத் தமிழ் இலக்கிய வரலாற்றைப் பல தொகுதிகளாக எழுதினார். இன்று நம் மாணவர் பார்த்தெழுதுகின்ற செய்திகளுள் பல அவர் தேடித் தொகுத்தவை. அவரும் ஒரு தேர்வுக்காக எழுதத் தொடங்கியவரே.

மேல்மண்ணும் ஊற்றுநீரும்

நெய்வேலியில் நிலக்கரியைக் காண்பதற்குமுன் அகற்ற வேண்டிய மேல்மண் மிகுதி. ஒரு டன் கரிக்கு ஐந்து மடங்குக்கும் மேற்பட்ட மண்ணை அள்ளிக் கொட்ட வேண்டும் என்பர். கடலூர் மணற்கல் எனப்படும் அப்பாறையின் கடினத்தால், செருமானியப் பெருஞ்சக்கர எந்திரங்களின் பற்கள் தேய்ந்து போன கதையை எம் வாப்பா அடிக்கடி கூறுவார். அவர் அதனைப் ‘பக்கெட் வீல்’ என்பார். எந்தப் பாடநூலிலும் யாம் கண்ட தமிழ்ப் பெயர் அவர் வாயில் நுழைந்ததில்லை.

கட்டுரைக்கும் இக்கணக்கே. பத்துப் பக்கக் கட்டுரை எழுத ஐம்பது பக்கக் குறிப்பேனும் எடுத்திருத்தல் வேண்டும். எடுத்த குறிப்பையெல்லாம் கட்டுரைக்குள் திணிப்பவர், மேல்மண்ணையும் கரியோடு சேர்த்துக் கொதிகலனில் இடுபவர் போன்றவர். ‘கல் தோன்றி மண் தோன்றாக் காலத்தே’ எனத் தொடங்கும் முன்னுரைகள் அனைத்தும் மேல்மண்ணே. மூன்றாம் பக்கத்தில்தான் கட்டுரை தொடங்குகிறது எனில், முதல் இரண்டு பக்கங்களை அடித்துவிடுங்கள், எவரும் தேடமாட்டார்.

இன்னொன்றும் உண்டு. நிலக்கரிப் படுகைக்குக் கீழே பேரழுத்தத்தில் ஊற்றுநீர் நிற்கிறது. இரவு பகலாக இறைத்துக்கொண்டே இருந்தால்தான் சுரங்கத்தின் அடித்தளம் பொங்கி எழாமல் நிற்கும். கட்டுரை எழுதுவோர்க்கும் அடியிலிருந்து பொங்குவது ஒன்று உண்டு. தம் கருத்தே சரியாக இருக்க வேண்டும் என்னும் ஆசை அது. ஒரு மாணவர், ‘நெய்வேலி’ என்பது கோயில் விளக்குக்கு நெய் அளக்க விடப்பட்ட ஒரு வேலி நிலம் என்று எழுதினார். வேலி என்பது இருபது மா கொண்ட நில அளவு என்பது உண்மை. வேலி என்று முடியும் ஊர்ப்பெயர்கள் பல இருப்பதும் உண்மை. ஊகம் அழகாகவே உள்ளது. ஆனால் கல்வெட்டு எங்கே? பழைய ஆவணம் எங்கே? வேலி என்பதற்கு அடைப்பு என்னும் பொருளும் உண்டே, அதனை ஏன் விலக்கினீர்? வினவியபோது அவர் முகம் வாடிற்று. ஊகம் கூடாது என்று யாம் கூறவில்லை. ஊகம் என்று எழுதிவிட்டு ஊகியுங்கள் என்றோம். ‘இவ்வாறு இருக்கலாம், சான்று கிடைக்கவில்லை’ என்ற ஒரு தொடரை எழுதுவதற்கு நம் மாணவர் ஏனோ அஞ்சுகின்றனர். மதிப்பெண் குறைந்துவிடும் என்று எவரோ கூறியிருக்க வேண்டும். எம்மிடம் குறையாது.

நாளைய ஆய்வு மாணவர்க்கு ஒரு செய்தி. பல்கலைக்கழக மானியக் குழு 2018ஆம் ஆண்டு கொணர்ந்த விதிகளின்படி, ஆய்வேட்டில் பிறர் எழுத்தோடு ஒப்புமை பத்து விழுக்காடு வரை இருப்பின் தண்டனை இல்லை. நாற்பது வரை எனில் ஆறு மாதத்திற்குள் திருத்தித் தர வேண்டும். அறுபது வரை எனில் ஓராண்டு தடை. அதற்கும் மேலெனில் பதிவே நீக்கப்படும். 2022ஆம் ஆண்டு விதிகளோ எம்.பில். பட்டத்தையே கைவிட்டன. யாம் தடுமாறி விழுந்து கற்ற அந்த நடுப்படி இன்று இல்லை. முதுகலையிலிருந்து நேரே முனைவர் பட்டத்திற்கு ஏற வேண்டும். எனவே பருவக் கட்டுரையிலேயே விழுந்து எழுந்துவிடுதல் நன்று.

இப்போது கணினியிடம் கேட்டால் கட்டுரையே எழுதித் தருகிறது. சென்ற ஆண்டு அவ்வாறு வந்த ஒன்றில், மேற்கோள் நூல் ஒன்று இருந்தது. ஆசிரியர் பெயர், பதிப்பகம், பக்க எண் யாவும் ஒழுங்காக இருந்தன. நூல்தான் உலகில் இல்லை. இரண்டு நூலகங்களில் தேடிய பின்னரே தெளிந்தோம். கொடுத்தவர் தேடவில்லை என்பதே எமக்கு வருத்தம். கணினியைப் பயன்படுத்தாதீர் என்று கூற யாம் யார்? தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில், முன்பு சென்னை சென்று காத்துக்கிடந்து பார்த்த நூல்கள் பல வீட்டிலிருந்தே கிட்டுகின்றன. அங்கே சென்று நூலைத் திறவுங்கள்.

ஊத்துக்கொல்லை

எம் ஆசிரியப் பணியில் யாம் பெற்ற நல்ல கட்டுரைகளுள் ஒன்றைப் பற்றிக் கூறி முடிக்கிறோம். எழுதியவர் ஓர் இளங்கலை மாணவி. அவர் குடும்பத்தின் ஊர் சுரங்கத்திற்காக எடுக்கப்பட்டுவிட்டது. மாற்றுக் குடியிருப்பில் வாழ்கின்றனர். என்ன எழுதுவது என்று கேட்டு வந்தார். “உங்கள் வீட்டில் பழைய ஊரை அறிந்தவர் யார்?” என்றோம். “எங்க ஆயா இருக்காங்க ஐயா. ஆனா அவங்க படிக்காதவங்க” என்றார்.

படிக்காத அம்மூதாட்டியிடம் சென்று, அவ்வூரில் இருந்த நிலங்களின் பெயர்களை மட்டும் கேட்டுவரச் சொன்னோம். ஊர் வரலாறு வேண்டா, இழந்த துயரமும் வேண்டா, பெயர்கள் மட்டும். முதல் நாள் ஆறு பெயர்கள் வந்தன. ஒரு மாதத்தில் முப்பதைத் தாண்டின. ஒற்றைப்பனைக் கொல்லை, ஏரிக்கீழ், முந்திரிக்கொல்லை, சாவடி மேடு. ஆயா ஒவ்வொரு பெயரையும் நடந்து செல்லும் வரிசையிலேயே கூறினாராம். நடுவில் நிறுத்தினால் மீண்டும் வீட்டு வாசலிலிருந்தே தொடங்குவாராம். அவ்வரிசையைக் கொண்டே மாணவி ஒரு வரைபடம் வரைந்தார். இன்று அந்நிலம் முழுவதும் பள்ளம். வரைபடத்தில் மட்டும் வரப்புகள் உள்ளன.

நினைவு மட்டும் போதாது என்று கூறி, உறவினர் வீடுகளில் கிடந்த கிரயப் பத்திரங்களையும் பார்க்கச் சொன்னோம். பத்திரத்தின் செக்குபந்தி விவரத்தில் நாற்புற எல்லைகளும் எழுதப்பட்டிருக்கும் அல்லவா? அங்கே சில நிலப்பெயர்கள் அகப்பட்டன. பெரும்பாலும் ஆயா கூறியவற்றோடு ஒத்தன. ஒன்று ஒக்கவில்லை. ஆயா ‘ஊத்துக்கொல்லை’ என்றார். அங்கே கிணற்றில் நீர் தானே பொங்கி வழியும் என்றார். பத்திரமோ ‘ஊத்தான் கொல்லை’ என்றது. அது ஓர் ஆள்பெயராகவும் இருக்கலாம். ஊத்துக்கொல்லை என்று வைத்துக்கொண்டால் கட்டுரைக்கு எத்துணை அழகு! நிலத்தடி ஊற்று, கிணற்றில் வெளிப்பட்ட கரி, சுரங்கம், அழிந்த ஊர் எனக் கோவையாக முடிந்துவிடும். அவ்வாறே எழுதிவிடலாமா என்று மாணவி கேட்டார். யாம் எதுவும் கூறவில்லை. எம் வாய்மொழித் தேர்வை நினைத்துக்கொண்டோம்.

அவர் இரண்டு பெயர்களையும் எழுதினார். எது முந்தியது என்று இக்கட்டுரையால் முடிவு செய்ய இயலவில்லை என்றும், அந்நிலத்தை உழுத குடும்பத்தைச் சேர்ந்த முதியவர் ஒருவர் விருத்தாசலம் பக்கம் இருக்கிறார், அவரைக் காண வேண்டும் என்றும் அடிக்குறிப்பு இட்டார். தேர்வு முடிந்து மதிப்பெண்ணும் போட்டாயிற்று. மே மாத வெயிலில், எவரும் கேளாமலே, அவர் விருத்தாசலம் சென்று அம்முதியவரைக் கண்டு வந்தார்.

முதியவர் மூன்றாவதாக ஒரு பெயர் கூறினாராம். அதனையும் சேர்த்துத் திருத்திய படி ஒன்று எம் மேசையில் இருக்கிறது.